வக்கீலுக்கு ஒரு வக்கீல்

அந்த வீட்டில் மனிதர்கள் நான்கு பேர், குதிரைகள் இரண்டு, ஆடுகள் ஒன்பது. சத்தத்தை மட்டும் கேட்டால் ஆடுகள் தொண்ணூறு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதில் பாதிச் சத்தம் வக்கீலுடையது.

வக்கீல் என்பது ஒரு கறுப்புக் கிடா. நீளமான தாடி வைத்திருக்கும். யார் எது சொன்னாலும் உடனே "மே!" என்று மறுத்துப் பேசும். "வா" என்றாலும் மே. "சரி, வராதே" என்றாலும் மே. அதனால்தான் அம்மா அதற்கு அந்தப் பெயரை வைத்தார்.

வக்கீல் பிறந்தபோது அதன் தாயிடம் பால் இல்லை. புட்டியில் பால் ஊற்றி, மடியில் வைத்து ஊட்டி வளர்த்தவள் வாண்டு. வாண்டுதான் அந்த வீட்டின் கடைக்குட்டி. வயது பத்து. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. வீட்டில் அது யாருக்கும் ஞாபகம் இல்லை.

அப்பா குதிரை வண்டியில் பாரம் ஏற்றிப் போகிறவர். வண்டி இழுக்கும் குதிரைகளில் ஒன்று புயல். பெயர்தான் புயல், நடை ஆடி அசைந்துதான். இன்னொன்று மகாராணி. பால் போல வெள்ளை. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அப்பாவுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"இத்தனை வருஷத்துல மகாராணி ஒரு தப்பு செஞ்சதில்ல. நம்ம வீட்டுலயே ஒழுங்கான ஆள் அவதான்" என்று எல்லோரிடமும் சொல்வார். அம்மா பக்கத்தில் இருக்கும்போதும் சொல்வார். அம்மா அவரை ஒரு பார்வை பார்ப்பார். அப்பா உடனே பேச்சை மாற்றிவிடுவார்.

சமீபகாலம் வரை ஆடுகளும் குதிரைகளும் ஒரே கொட்டகையில்தான் தூங்கின. இடம் நெருக்கடியாக இருந்ததால், கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஆடுகளுக்குத் தனியாக ஒரு பட்டி கட்ட அப்பா முடிவு செய்தார். ஆளும் வைக்கவில்லை, ஆசாரியும் வைக்கவில்லை. மரம் அறுத்தது, ஆணி அடித்தது, கதவு மாட்டியது எல்லாம் அவரே. முடிந்ததும் கதவைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

"பார்த்தியா வாண்டு? யானை முட்டினாலும் அசையாது!"

"நம்மகிட்ட யானை இல்லையேப்பா" என்றாள் வாண்டு. ஆனாலும் அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் அப்பா கட்டிய பட்டி என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் பட்டியின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. ஆடுகள் எல்லாம் காய்கறித் தோட்டத்தில் நின்று, அம்மா ஆசையாக வளர்த்த பீட்ரூட் செடிகளின் இலைகளைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தன. வக்கீல் மட்டும் தோட்டத்துக்குப் போகவில்லை. குதிரைக் கொட்டகையின் வாசலில் நின்று தாடியை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இவன் வேலைதான்" என்றார் அப்பா. "கதவைத் திறந்து விட்டுட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி இங்க வந்து நிக்கிறான் பாரு!"

"மே!" என்றது வக்கீல்.

அப்பா தாழ்ப்பாளைக் கழற்றி, இன்னும் உயரத்தில் வைத்து அடித்தார். அடுத்த நாள் காலையும் கதவு திறந்திருந்தது. இன்னும் உயர்த்தினார். தாழ்ப்பாள் இப்போது வாண்டுவின் தலைக்கு மேலே போய்விட்டது. சாத்துவதற்கு அவள் எம்பிக் குதிக்க வேண்டியிருந்தது. அடுத்த நாள் காலையும் கதவு திறந்தே கிடந்தது!

இலை போன பீட்ரூட்டை மண்ணில் விட்டு வைத்து என்ன செய்வது? அம்மா தினமும் பிடுங்கிச் சமைத்தார். காலையில் பீட்ரூட், இரவிலும் பீட்ரூட்.

"அம்மா, என் நாக்கைப் பாருங்க. இனிமே பழைய நிறம் வராதுபோல" என்றான் அண்ணன்.

"அந்த வக்கீல்கிட்ட போய்க் காட்டு" என்றார் அம்மா.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. காலையில் பால் வாங்க வந்த பால்காரர் பட்டியைச் சுற்றி வந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன வண்டிக்காரரே! அடுத்த பட்டியை வக்கீலையே கட்டச் சொல்லிடுங்க. உங்களைவிட அவனுக்கு விவரம் அதிகம் இருக்கும்போல!"

அப்பாவின் முகம் சுருங்கிப்போய்விட்டது. பால்காரர் போன பிறகும் அவர் பட்டியைத் தட்டிப் பார்க்கவில்லை. வாண்டுவுக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"போதும்" என்றார் அப்பா. "நாளைக்கு ஆட்டு வியாபாரி இந்தப் பக்கம் வர்றார். வக்கீலைக் கொடுத்து அனுப்பிடுவோம்."

வாண்டுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்பா! அவன் செய்யலப்பா!"

"பின்ன யாரு? தாழ்ப்பாளுக்குக் கால் முளைச்சுதா?"

"வக்கீலுக்கே வக்கீலா வர்றியா வாண்டு?" என்று அண்ணன் சீண்டினான்.

"ஆமா, வர்றேன்!" என்றாள் வாண்டு. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவள் பட்டியை நோக்கி ஓடினாள்.

அழுதால் அப்பா மனம் இளகலாம். ஆனால் பழி போகாதே. வக்கீல் தப்பு செய்யவில்லை என்று காட்ட வேண்டும். அதற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதுதான் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறித் தாழ்ப்பாளைப் பார்த்தாள். தாழ்ப்பாள் கதவுக்கு வெளிப்பக்கம் இருந்தது. உள்ளே இருக்கும் ஆடு அதை எப்படித் தொடும்? சரி, ஏதோ மாயம் செய்தது என்றே வைத்துக்கொள்வோம். வக்கீல் பின்னங்கால்களில் எழுந்து நின்றாலும் இவ்வளவு உயரம் எட்டாதே!

தாழ்ப்பாளைத் தொட்டாள். பிசுபிசுவென்று இருந்தது. யாரோ எச்சில் செய்திருக்கிறார்கள். ஆணியின் இடுக்கில் ஒரு சின்ன முடி மாட்டியிருந்தது. அதைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

வெள்ளை முடி.

வாண்டு மெல்லத் திரும்பினாள். பட்டிக் கதவை ஒட்டியே குதிரைக் கொட்டகையின் வாசல். அதற்குக் கீழ்ப்பாதி மட்டும்தான் கதவு. மேல்பாதி எப்போதும் திறந்திருக்கும். அந்த வழியாகக் கழுத்தை நீட்டி, மகாராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் முகம் சரியாகத் தாழ்ப்பாளின் உயரத்தில் இருந்தது.

"நீயா?" என்றாள் வாண்டு.

மகாராணி கண்ணை ஒருமுறை மூடித் திறந்தது. வேறொன்றும் சொல்லவில்லை.

இதைப் போய் அப்பாவிடம் எப்படிச் சொல்வது? மகாராணியைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை குறைவாகப் பேச முடியாது. வெறும் முடியைக் காட்டினால் காற்றில் பறந்து வந்தது என்று சொல்லிவிடுவார். அவராகவே கண்ணால் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் அப்பா கை கால் கழுவி உட்கார்ந்ததும் வாண்டு எதிரில் போய் நின்றாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் வக்கீலை நம்ம சமையலறைக்குப் பின்னால கட்டிப் போடலாம். நீங்களே முடிச்சு போடுங்க. அவன் பட்டியில இல்லாமலே கதவு திறந்துட்டா?"

அப்பா யோசித்தார். "திறந்துட்டா நான் அவனை விக்கல. திறக்கலைன்னா வியாபாரியோட அனுப்பிடுவேன். நீ அழக் கூடாது."

"அழ மாட்டேன்."

"மே!" என்றது வக்கீல், வெளியில் இருந்து.

"பேசாம இருடா. நான் பேசிக்கிறேன்" என்றாள் வாண்டு.

அப்பா மூன்று முடிச்சுப் போட்டு வக்கீலைக் கட்டினார். அம்மா வேகவைத்த பீட்ரூட்டில் ஒரு துண்டை வாண்டு எடுத்துக்கொண்டாள். நன்றாக மசித்து, இருட்டுவதற்குள் தாழ்ப்பாள் முழுக்கத் தடவினாள்.

பொழுது விடியும்போது ஒரு கனைப்புச் சத்தம் எல்லோரையும் எழுப்பியது. வாண்டு செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

பட்டிக் கதவு திறந்து கிடந்தது. ஆடுகள் தோட்டத்தில் மிச்சம் மீதி ஏதாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தன. வக்கீல் சமையலறைக்குப் பின்னால் கட்டின இடத்திலேயே இருந்தது. மூன்று முடிச்சும் அப்படியே இருந்தன.

மகாராணி கொட்டகை வாசலில் தலையை நீட்டி நின்றது. அதன் வாயும் மூக்கும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தன.

"ஐயோ, வாயில அடிபட்டிருக்கா?" என்று அப்பா பதறிக்கொண்டு ஓடினார். தொட்டுப் பார்த்து, விரலை முகர்ந்தார். "இது பீட்ரூட் ஆச்சே!"

"தாழ்ப்பாள்ல நான்தாம்பா தடவி வச்சேன்" என்றாள் வாண்டு.

"இனிப்பா இருக்குன்னு நக்கியிருக்கும்" என்றான் அண்ணன். "அதுக்காகக் கதவைத் திறந்தது அதுதான்னு ஆயிடுமா?"

வாண்டு இதை எதிர்பார்த்திருந்தாள். "அப்ப இப்பவே பார்த்துடலாம்" என்றாள்.

முதலில் தாழ்ப்பாளைத் துணியால் சுத்தமாகத் துடைத்தாள். வக்கீலை அவிழ்த்துக்கொண்டு வந்து பட்டிக்குள் விட்டாள். அப்பாவே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு எல்லோரும் வைக்கோல் குவியலுக்குப் பின்னால் போய்ப் பதுங்கினார்கள். அம்மாவும் கையில் கரண்டியோடு வந்து உட்கார்ந்துகொண்டார்.

"மே!" என்று வக்கீல் உள்ளேயிருந்து கூப்பிட்டது.

மகாராணியின் காதுகள் விறைத்தன. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. கழுத்தை நீட்டி, தாழ்ப்பாளின் குமிழை உதட்டால் பிடித்து, இழுத்தது. டக். பிறகு மூக்கால் கதவைத் தள்ளிவிட்டது. அவ்வளவுதான்.

வக்கீல் வெளியே வந்தது. தோட்டத்தின் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராகக் கொட்டகை வாசலுக்குப் போய் நின்றது. மகாராணி தலையைத் தாழ்த்தி, அதன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டது.

அப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"இவங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே தூங்குவாங்க அப்பா" என்றாள் வாண்டு மெதுவாக. "வக்கீல் மகாராணி காலடியிலதான் படுப்பான். பட்டி கட்டினப்புறம் பிரிச்சிட்டோம். அதான் ராத்திரியில அவனைக் கூப்பிட்டுக்குது. நேத்தும் அவன் உள்ளதான் இருக்கான்னு நினைச்சுத் திறந்திருக்கும்."

"நான் தாழ்ப்பாளை மேல மேல ஏத்தினேனே..."

அம்மா கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டார். "முதல் நாள் அவ பாவம், குனிஞ்சு திறந்திருப்பா. கழுத்து வலிக்குமேன்னு நீங்க உயர்த்திக் கொடுத்தீங்க!"

அண்ணன் வைக்கோலில் விழுந்து சிரித்தான். அம்மாவும் சிரித்தார். அப்பா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, அடக்க முடியாமல் அவரும் சிரித்தார்.

வாண்டு மட்டும் பட்டிக் கதவைத் தட்டிப் பார்த்தாள். "பட்டி நல்லாத்தாம்பா இருக்கு. உள்ளேயிருந்து ஒரு ஆடாலயும் திறக்க முடியல பாருங்க. வக்கீலை மகாராணிகூடவே படுக்க விட்டுட்டா, அது எதுக்குக் கதவைத் திறக்கப் போகுது? தாழ்ப்பாளைப் பழைய இடத்துலயே வச்சிடுங்க. எனக்கும் எட்டும்."

அப்பா அவளைப் பார்த்தார். அவரும் வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, இல்ல?"

"யானை முட்டினாலும் அசையாது" என்றாள் வாண்டு.

அந்த நேரத்தில்தான் ஆட்டு வியாபாரி சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் மகாராணியைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார்.

"என்னங்க இது, குதிரைக்கு உதட்டுச்சாயமா?"

"மகாராணின்னா சும்மாவா?" என்றார் அப்பா, மீசையைத் தடவிக்கொண்டு.

"அது சரி. ஒரு கிடா இருக்குன்னு சொல்லி விட்டீங்களாமே? இந்தக் கறுப்பா?"

"அவனைக் கொடுக்கறதா இல்லீங்க. அவன்மேல ஒரு வழக்கு இருந்தது. இன்னிக்குத்தான் தீர்ப்பாச்சு. அவன் மேல ஒரு தப்பும் இல்ல." அப்பா வாண்டுவைத் தோளோடு சேர்த்து இழுத்து முன்னால் நிறுத்தினார். "இவதான் அவனோட வக்கீல். என் பொண்ணு. நான் இத்தனை நாளா மண்டையை உடைச்சுக்கிட்ட விஷயத்தை ஒரே ராத்திரியில கண்டுபிடிச்சிட்டா!"

மகாராணியைப் பற்றிச் சொல்லும்போது வருமே, அதே குரல். வாண்டுவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வக்கீலின் தாடியில் ஒட்டியிருந்த வைக்கோலை எடுக்க ஆரம்பித்தாள்.

"கெட்டிக்காரப் பொண்ணுதான்" என்றார் வியாபாரி. "இந்தக் கிடா என்ன சொல்லுது?"

எல்லோரும் வக்கீலைப் பார்த்தார்கள். அது கொட்டகை வாசலில், மகாராணியின் முகத்துக்குக் கீழே வசதியாகப் படுத்து, கண்ணை மூடி, அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒரு "மே"கூட வரவில்லை.

வழக்கில் ஜெயித்த பிறகு வக்கீலுக்கு வாயாட என்ன இருக்கிறது!