பெட்டிக்குள் போன ஷூ

எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்து சேர்ந்தது. அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா நர்ஸ். மகள் பெயர் சுண்டெலி. பெயர் வைத்தது நான் இல்லை, அவள் அப்பாதான். அந்நிய தேசத்தில் தமிழ் பேச அவர்களுக்குக் கிடைத்தது நான் ஒருத்திதான். பாவம்!

ஊரில் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் பாடிய அம்மா, இங்கே பாத்திரம் கழுவும்போது மட்டும் பாடினாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. சுவர் மெல்லியது.

"அடுத்த தெருவுல ஒரு சர்ச் இருக்கும்மா. என் கிளாஸ் பிள்ளைங்க வர்றாங்க," என்றாள் சுண்டெலி.

"அங்க நமக்கு யாரைத் தெரியும்?" என்று இழுத்தார் அப்பா.

"போனாத்தானே தெரியும்," என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை நானும் துணைக்குப் போனேன். வேடிக்கை பார்க்க என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஊர்ப் பழக்கம் விடுமா? மூவரும் வாசலிலேயே ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்தார்கள். நான் மட்டும் என் செருப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். நான் யாரையும் நம்புவதில்லை.

உள்ளே போனால் அதிர்ச்சி! அத்தனை பேரும் ஷூவோடு உட்கார்ந்திருந்தார்கள். பாதிரியார்கூட! எல்லார் கண்ணும் எங்கள் கால் மேல். அப்பாவின் சாக்ஸ் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அவசரமாக மறுகாலால் அதை மூடினார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. மூன்று ஜோடியும் காணோம்!

"கோயில் வாசல்லயே திருட்டா! இனி இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்!" அப்பா குதித்தார்.

"நான் அப்பவே நினைச்சேன்," என்றேன் நான்.

அம்மாவுக்குக் கண் கலங்கியது.

சுண்டெலி யோசித்தாள். "அப்பா, உங்க ஷூவைப் போய் யாராவது திருடுவாங்களா? அந்த நாத்தத்துக்கா?"

கதவோரம் ஒரு பெரிய பெட்டி இருந்தது. மேலே ஷூ படம். இல்லாதவர்களுக்குக் கொடுக்க, பழைய ஷூக்களைச் சேர்க்கும் பெட்டி. உச்சியில் அப்பாவின் ஷூ! அதன் கீழே அம்மாவுடையது.

வாசலில் எல்லோரையும் வரவேற்பவர் ஒரு தச்சர். சுண்டெலி அவரிடம் ஓடிப்போய், பள்ளியில் கற்ற அந்த ஊர் மொழியில் கேட்டாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ! பெட்டி பக்கத்துல கிடந்துச்சா, தானமா வச்சிட்டுப் போயிருக்கீங்கன்னு நினைச்சிட்டேன்! ஏன் கழட்டினீங்க?"

"எங்க ஊர்ல செருப்போட கோயிலுக்குள்ள போக மாட்டோம், அங்கிள்."

அவர் முகம் சிவந்துவிட்டது.

மூன்றாவது ஜோடி எங்கே? முற்றத்தில் ஒரு குட்டிப் பெண் சுண்டெலியின் சிவப்பு ஷூவைப் போட்டுக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கிழிந்த ஷூ ஓரமாகக் கிடந்தது. தச்சர் அவளை நோக்கி நடந்தார். சுண்டெலி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம் அங்கிள், அழுவா. எனக்கு அது விரலைக் கடிக்குது. அம்மாதான் இன்னும் ஒரு வருஷம் போடுன்னாங்க."

பெட்டிக்குள் தலையை விட்டு, ஒரு நீல ஷூவை எடுத்து மாட்டினாள். கச்சிதம்!

அடுத்த ஞாயிறு, "ஒரே ஒரு தடவைப்பா!" என்று அப்பாவை இழுத்துவந்தாள். கழற்றவே போவதில்லை என்று அவர் ஷூ நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டிருந்தார்.

வாசலில் நால்வரும் அப்படியே நின்றுவிட்டோம்.

ஷூ! குதிகால் உயர்ந்தது, சேறு அப்பியது, உள்ளங்கை அளவே இருந்தது என்று ஊரே வரிசையாகக் கழற்றி வைத்திருந்தது. கையை விரித்துக்கொண்டு அதற்குக் காவலாக நின்றார் தச்சர். உள்ளே எல்லோரும் வெறும் சாக்ஸோடு. பாதிரியாரின் சாக்ஸில் இரண்டு விரல் வெளியே!

இங்கே வந்த நாளிலிருந்து சிரிக்காத அப்பா வாய்விட்டுச் சிரித்தார். குனிந்து முடிச்சை அவிழ்த்தார்.

பக்கத்தில் இருந்த பெண்மணி அம்மாவை நோக்கிப் பாட்டுப் புத்தகத்தை நகர்த்தினாள். சொல் புதிது, மெட்டு பழசு. அம்மா பாடினாள். பாத்திரச் சத்தம் இல்லாமல் அந்தக் குரலை நான் அன்றுதான் கேட்டேன்.

பிறகு மெதுவாக வெளியே வந்து, கைப்பையிலிருந்த என் செருப்பை எடுத்து அந்த வரிசையில் வைத்தேன்.

கொஞ்சம் ஓரமாகத்தான்.