நிற்காத பின்சக்கரம்

கையால் சுற்றிவிட்ட பின்சக்கரம் நிற்கவில்லை.

நடு ஸ்டாண்டில் ஏற்றியிருந்த தம்பியின் பைக்கின் சக்கரத்தை, செயினுக்கு எண்ணெய் விடத்தான் அக்கா ஒரு தள்ளு தள்ளினாள். நியூட்ரலில் இரண்டு சுற்று வரும், மிஞ்சிப்போனால் மூன்று. பதினொன்று வரை எண்ணிவிட்டு, டயரில் உள்ளங்கையை அழுத்தி அவளே நிறுத்தினாள். ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. வண்டி வெளியே போய் மூன்று நாளாகிறது.

எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிப் பதினாறு வருடமாகப் பிழைப்பவள் அவள். அம்மாவும் அப்பாவும் போனபின் தம்பியை ஆளாக்கியதும் அந்தக் கைதான். அவன் இப்போது மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை பார்க்கிறான். "நாய் குறுக்க வந்துடுச்சுக்கா. பிரேக் லைட் எரியல, செயின் கடகடங்குது. மெக்கானிக்கிட்டல்லாம் போக வேணாம், நீயே பாத்துடேன்" என்று காலையில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்தவன், மதியம் சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை.

ஷெட்டின் தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாசனைக்கும் ஈரச் சிமெண்ட் வாசனைக்கும் அடியில், நாக்கில் இரும்பை வைத்ததுபோல இன்னொரு வாடை அவ்வப்போது எழுந்து மூக்கைத் தொட்டுவிட்டு அடங்கியது. செயின் கவரைக் கழற்றினாள். மண்ணெண்ணெயில் பிரஷைத் தோய்த்து ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தாள். பல்சக்கரத்தின் இடுக்குகளைக்கூட விடவில்லை. கறுப்பு மசகு கீழே விரித்திருந்த செய்தித்தாளில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. செயினை இழுத்து முறுக்கி வைத்தபின், சீட்டுக்கு அடியில் தோல் உரிந்து கிடந்த ஒயருக்கு டேப் சுற்றி, புது ஃபியூஸ் போட்டாள். சாவியைப் போட்டு பிரேக்கை அழுத்தினாள்; லைட் பளிச்சென்று எரிந்தது.

பிரேக்கை விட்டு, சாவியை அணைத்தாள். லைட் அணையவில்லை.

பேட்டரி ஒயரைக் கழற்றினாள். எரிந்தது. பேட்டரியையே வெளியே எடுத்துத் தரையில் வைத்தாள். சிவப்பு இன்னும் கூடியது. எங்கிருந்து கரண்ட் வருகிறது? மின்சாரத்தோடு இத்தனை வருடம் புழங்கிய கைக்கு முதல்முறையாக அதைத் தொடப் பயம் வந்தது.

அந்தச் சிவப்பு வெளிச்சத்தில்தான் செய்தித்தாளைப் பார்த்தாள். மசகுக்கு நடுவே பெயிண்ட் சில்லு மாதிரி ஏதோ கிடந்தது. ஸ்பேனர் நுனியால் புரட்டினாள்.

நகம். வேரில் சதையோடு.

"நாய்தான்னு சொன்னேன்ல." தம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தானோ.

"நாய்க்கு இப்படியாடா நகம் இருக்கும்?"

அவன் சுவரில் சாய்ந்தான். "விழுந்தவன் சும்மா கெடக்கல அக்கா. கெளம்பலாம்னு பாத்தா பின்னாடி புடிச்சுக்கிட்டான். ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரின்னு ஒரே கத்தல். ரோட்ல ஒரு ஆள் இல்ல. நான் ஆக்சிலேட்டர முறுக்கினேன். கை செயினுக்குள்ள போச்சு. அப்பவும் விடல. நானும் நிறுத்தல."

"எவ்வளவு தூரம்?"

"பாலம் வரைக்கும்."

"உசுரு இருந்துச்சா?"

"தெரியல. திரும்பிப் பாக்கல."

அவள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு பெஞ்சில் இருந்த போனை எடுத்தாள். ஒரு எண்ணைக்கூட முழுதாக அழுத்தவில்லை. அதே ஸ்பேனரை அவன் அவள் மணிக்கட்டில் இறக்கினான். எலும்பு முறியும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. அவள் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை, மறுபடியும் ஓங்கினான். அவள் தலையைத் திருப்பிக்கொண்டதால் அடி காதோடு போயிற்று. முட்டி போட்டு விழுந்தாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்ண வைக்கிற?" அவன் அழுதுகொண்டே துணியை எடுத்தான். "நானே தொடச்சிடறேன். ஒண்ணுமே இல்லாம பண்ணிடறேன்." சக்கரத்தருகே உட்கார்ந்து செயினைத் துணியால் பற்றினான்.

"அதைத் தொடாதடா!"

சக்கரம் சுழன்றது.

இன்ஜின் சத்தம் இல்லை. செயின் மட்டும் அவசரமில்லாமல் நகர்ந்தது. துணி போனது. துணியோடு விரல்கள் போயின. அவன் அலறினான். அவள் எழுந்து ஓடிவந்து பிரேக்கை மிதித்தாள். பிடிக்கவில்லை. நல்ல கையால் அவன் சட்டைக் காலரைப் பற்றி, காலை வண்டியில் உதைத்து, மூச்சைப் பிடித்து இழுத்தாள். நறநறவென்று பற்கள் மெல்லும் ஓசை. கிழிந்தது சட்டையா சதையா, தெரியவில்லை. இருவரும் பின்னால் போய் விழுந்தார்கள்.

சக்கரம் நின்றது.

அவன் கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சமிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் துப்பட்டாவை உருவி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இறுக்கிக் கட்டினாள். விரல்களை எடுத்துப்போனால் ஆஸ்பத்திரியில் தைத்துவிடுவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தாள். டப்பாவைத் தேடி எடுத்து, சக்கரத்துக்கு அடியில் ஊர்ந்து போனாள். சிவப்பு வெளிச்சம் போதுமானதாக இருந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

துழாவிய கை நிற்கவில்லை. பல்சக்கரத்தின் இடுக்கில் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒன்று. செயினுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு. தடித்தவை. கணுவில் ரோமம் அடர்ந்தவை. தம்பியின் விரல்கள் அல்ல. அவள் கழுவித் துடைத்த இடம்.

எட்டு.

எட்டும் சூடாக இருந்தன. டப்பாவை மூடப் போனவளின் சுண்டுவிரலை அவற்றில் ஒன்று மெல்ல வளைத்துப் பிடித்தது.