எட்டாவது கொசுவம்

நேற்று மாலை பொம்மையின் சேலைக்கு ஏழு கொசுவம்தான் வைத்திருந்தான். இன்று காலை எட்டு இருந்தன.

சந்திரமோகன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். எட்டு. வேறொருவன் என்றால் தூக்கக் கலக்கம் என்று சொல்லி டீ குடிக்கப் போயிருப்பான். இவன் தீவின் அபர்தீன் பஜாரில் ஜவுளிக்கடைப் பலகைக்கு அடியில் தூங்கி வளர்ந்தவன். படியேறி வருகிறவளின் சேலை எந்த ஊர்த் தறி, சாயம் எத்தனை வெளுப்புக்குத் தாங்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடும் அப்பாவுக்குப் பிள்ளை. கொசுவ எண்ணிக்கையில் ஏமாறுகிற ரகம் இல்லை.

தலைமுறையாகத் துணி விற்ற குடும்பத்தில் இவன் மட்டும் துணியைச் செய்கிறான். போட்டோ கொடுத்தால் ஆறு அங்குல உயரத்தில் ஆளைச் செய்து தருவான். ஓய்வு பெறும் கடற்படைக்காரர், கல்யாண ஜோடி, யாராக இருந்தாலும் சரி. முகத்தை எவனும் செய்துவிடுவான், முந்தானை செய்ய ஆள் வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் அளப்பான். அளப்பதில் நியாயமும் இருந்தது. மஞ்சள் பட்டை ஒன்று, நீலப் பட்டை ஒன்று, சம அளவில் வெட்டிப் பிசைந்தால், களிமண் மாதிரி வளையும் புட்டி பாசிப் பச்சையாகும். ஒன்றரை மணி நேரம் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்குள் முகப்பவுடர் தூவித் தேய்த்து, கம்பி உடம்பின் மேல் போர்த்தி, நனைத்த ஊசியால் மடிப்பை எழுப்பிவிட வேண்டும். அப்புறம் இறுகத் தொடங்கிவிடும். விடிந்தால் கல்.

விடிந்து மூன்று மணி நேரம் ஆகியும் இது கல்லாகவில்லை. எட்டாவது மடிப்பை ஊசியால் அழுத்தினான். அமுங்கியது. எடுத்ததும் மெல்ல எழுந்து பழைய இடத்துக்கே வந்தது.

நேற்று கைதவறி முட்டியருகே பதிந்த அவன் கட்டைவிரல் ரேகை மட்டும் அப்படியே இருந்தது. காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்துவிடலாம் என்று விட்டிருந்தான். சிறு வயதில் கடைக் கத்தரிக்கோல் வெட்டிய தழும்பின் குறுக்குக்கோடுகூட அதில் தெளிவாக விழுந்திருந்தது.

"ஏங்க, அந்தச் சொர்ணம்மா பொம்மையோட குடித்தனம் நடத்தினது போதும். லஞ்ச் பாக்ஸ் எங்க?" வாசலில் உமா மகேஸ்வரி. கப்பல் டிக்கெட் கவுன்டரில் வேலை. மஞ்சள் வாயில் ரகச் சேலையின் முன்புறத்தைச் சரிசெய்துகொண்டே காலை உதறினாள். "முட்டிக்குக் கீழ ஒரே மரமரப்பா இருக்கு. ராத்திரிலேருந்து."

"நாள் பூரா கவுன்டர்ல நின்னா?"

"அரே, கவுன்டர்ல நான் எங்க நின்னேன்? உட்கார்ந்துல்ல கத்துறேன். ஞாயித்துக்கிழமை உங்க முன்னால அரை மணி நேரம் நின்னேன் பாருங்க, கடை பொம்மை மாதிரி. அதனாலதான்."

அவள் படியிறங்கிப் போனாள். செருப்புச் சத்தம் சீராக இல்லை. ஒரு கால் தாமதமாக விழுந்தது.

போன வாரம் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து வந்த ஆவுடையப்பன் அண்ணாச்சி பேரமே பேசவில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். இருபது வருஷத்துக்கு முன் கார் நிக்கோபாரில் அரசாங்க வேலையில் இருந்தவர். சுனாமியில் மனைவி சொர்ணம்மாவைக் கடல் கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவில்லை. சேலை கிடைத்தது. இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் ஒரு போட்டோவையும், அரக்கு நிற நூல் சேலை ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டு, "பார்த்துக்கிட்டு மடிச்சு வச்சிரு தம்பி, போதும்" என்றார்.

பார்த்தால் போதுமா? துணி தன் பாட்டுக்கு மடியாது. தோள் இழுக்கும், முட்டி தள்ளும், மிச்சம் தொங்கும். மடிப்பு பொய் சொல்லாது, உள்ளே உடம்பு என்ன செய்கிறதோ அதைத்தான் சொல்லும். ஆகவே ஞாயிறன்று உமாவை உடுத்தச் சொன்னான்.

"செத்தவ சேலையையா?" என்றாள் அவள்.

"துணிக்கு ஏது தீட்டு? கடையில ஒரே சேலையை இருபது பேர் தோள்ல போட்டுப் பார்த்து இருபத்தோராவது ஆளுக்கு வித்திருக்கோம். புதுசுன்னு சொல்லி."

சிரித்துவிட்டாள். உடுத்தினாள். அவள் வழக்கப்படி ஏழு கொசுவம். அரை மணி நேரம் நின்றாள். கழற்றும்போது, "சில்லுனு இருக்குங்க, துவைச்சுப் பிழிஞ்சு கட்டின மாதிரி" என்றாள்.

மதியம் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு வாடை வந்தது. அலை உள்வாங்கிய கரையில் வெயில் ஏறும்போது பாசியும் செத்த சிப்பியும் சேர்ந்து எழுப்புகிற வாடை. ஷாதிபூரில் மாடி வீட்டில், ஜன்னல் சாத்தியிருக்கையில், அது வர வழியில்லை. தட்டை வைத்துவிட்டு வேலை அறைக்குப் போனான். ஆணியில் மாட்டியிருந்த பையில் அரக்குச் சேலை இருந்தது. பையின் அடியில் ஈரம் கோத்து, ஒரு சொட்டு நீண்டு, தொங்கி, விழுந்தது. தரையில் அதற்குமுன் விழுந்த சொட்டுகள் காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தன.

மேசையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

உருவத்தின் கால்கள் கம்பி. பலகையில் நேராக முறுக்கி அடித்திருந்தான். ஆனால் மடிப்புகள் வேறு சொல்லின. கொசுவம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. வலது இடுப்பிலிருந்து இடது முட்டிவரை ஒரு நீண்ட வரி, இழுத்துக் கட்டிய கொடி மாதிரி. எந்தச் சேலையில் அந்த வரி விழும் என்று அவனுக்குத் தெரியும்.

நடக்கிறவள் சேலையில்.

கைபேசியை எடுத்தான். சிக்னல் இரண்டு கோடு. நான்காவது முறை மணி போயிற்று.

"அண்ணாச்சி, சந்திரமோகன். அந்தச் சேலை எப்படிக் கிடைச்சுது?"

"என்ன தம்பி இப்போ வந்து கேக்க?" கிழவர் இருமினார். "மூணாம் நாளு தேடிப் போனேன். தென்னந்தோப்பே இல்ல, ஒத்த மரம் நிக்கி. அதுக்குக் கீழ அவ நிக்கா. ஓடிப் போயிக் கட்டிப் பிடிச்சேன். உள்ள ஆளு இல்ல. வெறுஞ்சேலை நிக்கி தம்பி. கொசுவம்கூடக் கலையல."

"எத்தனை கொசுவம்?"

"இது என்னவே கேள்வி? அவ எப்பவும் எட்டுதான் வைப்பா."

கீழே கேட் திறக்கும் சத்தம். நான்கு மணிதான். டிசம்பரில் இந்தத் தீவில் நான்கு மணிக்கே வெளிச்சம் கடையைக் கட்டத் தொடங்கிவிடும்.

"தம்பி, யாரும் உடுத்திப் பார்க்கலையே?"

படிக்கட்டில் கால் வைக்கும் ஓசை. செருப்பில்லை. கொலுசில்லை. டொக். அம்மிக்குழவியைப் படிமேல் தூக்கி வைத்த மாதிரி. இடைவெளி. டொக்.

"தம்பி? உன் வீட்ல பொம்பளையாளு..."

சிக்னல் போய்விட்டது.

டொக். ஹாலைத் தாண்டியது. உள்ளறைக் கதவு திறந்து, சாத்திக்கொண்டது.

"உமா?"

மின்விசிறி மட்டும் உள்ளே சுழலத் தொடங்கியது.

போய்ப் பார்த்திருக்கலாம். கால் வரவில்லை. கை வந்தது. மேசையிலிருந்த பிளேடை எடுத்தான். எட்டாவது கொசுவத்தை மட்டும் சீவி எறிந்துவிட்டால்? சரக்கில் பழுது வந்தால் பழுதை மட்டும் வெட்டு, முழுப் பீஸையும் தள்ளாதே என்பார் அப்பா. உருவத்தை இடது கையில் பிடித்தான். வெதுவெதுப்பாக இருந்தது. புட்டி போல இல்லை. பழக்கப்பட்ட விரல்கள் அவனைக் கேட்காமலே ரகத்தைச் சொல்லின. நூல். அறுபதாம் நம்பர் நூல். நனைந்தது.

பிளேடை வைத்து அழுத்தினான்.

உள்ளறையில் உமா அலறினாள். ஒரே அலறல். பாதியில் நின்றுவிட்டது. வாய் பொத்தியது போல இல்லை, வாயே அங்கே இல்லாதது போல.

பிளேடு கீழே விழுந்தது. ஓடினான்.

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். மஞ்சள் சேலை. மேலே விசிறி முழு வேகத்தில். காலண்டர் படபடவென அடித்துக்கொண்டது. கொடியில் துண்டு ஆடியது. கொசுவலை உப்பி அடங்கியது.

அவள் முந்தானை அசையவில்லை.

"உமா."

அருகே போனான். தொட்டான். மெல்லிய சேலைத் துணி விரலுக்குக் குளிர்ந்தது. தட்டினான். கல்லைத் தட்டிய சத்தம் கேட்டது. மடிப்பின் பள்ளங்களில் மஞ்சள் மங்கி, பாசிப் பச்சை ஏறியிருந்தது.

முன்புறம் வந்தான்.

அவள் முட்டியருகே, துணியில், சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் வட்டம். விரல் பருமனுக்கு எழும்பிய வரிகள், சுழன்று சுழன்று நடுவில் போய் அடங்கின. குறுக்கே ஒரு வெட்டு. கத்தரிக்கோல் தழும்பு.

அவன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். அதைப் பார்த்தான்.

பச்சை அவள் கழுத்துவரை வந்திருந்தது. தாடையில் வந்துகொண்டிருந்தது. கண்கள் மட்டும் திரும்பின. உதடுகள் முழுதாகப் பிரியவில்லை.

"ஏங்க... இது எத்தனை மணி நேரத்துல காயும்?"

அவன் வாய் திறந்தான். ஒன்றரை மணி நேரத்தில் இறுகும், விடிந்தால் கல். வாடிக்கையாளர்களிடம் நூறு முறை சொன்ன பதில்.

பின்னால், வேலை அறையில், ஏதோ சரிந்தது. பை. பிறகு துணியை உதறும் ஓசை. ஆறு அங்குலத் துணியின் ஓசை இல்லை அது. ஆறு கஜம். ஈரத்தோடு, கனத்தோடு, காற்றை அறைந்து விரிந்தது.

அப்புறம் மடிக்கத் தொடங்கியது. அவனுக்கு அந்தச் சத்தம் பிறந்தது முதல் தெரியும். விரலிடுக்கில் துணி ஒருமுறை போய் ஒருமுறை வரும்.

ஒன்று. இரண்டு. மூன்று.

அவன் திரும்பவில்லை. உமாவின் கண்கள் அவன் தோளுக்குப் பின்னால் நிலைத்திருந்தன. அவை இப்போது இமைக்கவில்லை.

நான்கு. ஐந்து. ஆறு.

ஏழு.

ஏழோடு நிற்கட்டும் என்று கைகூப்பினான்.

எட்டு.