இடது காதுக்கு மட்டும்

மூன்றாவது கடிதத்தில்தான் அந்தக் காலடிச் சத்தம் வந்தது.

கெட்டரிங் ஊரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில், சமையலறை மேசையில் தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் ஹிலரி. டிசம்பர் மாதம், மணி நாலேகால்தான், அதற்குள் வெளியே மூடுபனி ஜன்னலில் வந்து அப்பிக்கொண்டு உலகத்தையே கறுப்பாக்கிவிட்டது. 'டின் ஆல்மனாக்' என்ற ராக் குழுவின் ரசிகர் மன்றத்துக்கு அவள் செயலாளர். அவர்களுடைய 'ஈர வீடு' இசைத்தட்டு வெளிவந்து ஐந்து வருஷம் ஆகிறது. "இந்தத் தட்டு உங்களுக்கு ஏன் பிடிக்கும்?" என்று மன்றத்தின் இதழில் கேட்டிருந்தாள். ஏழு கடிதம் வந்திருந்தது.

"சாயங்காலம் நான் வந்தப்புறம் பிரி, செயலாளரம்மா. சேர்ந்து சிரிக்கலாம்" என்று செருப்புத் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது தம்பி கிளைவ் சொல்லியிருந்தான்.

"உனக்குத்தான் அந்தப் பாட்டே பிடிக்காதே?"

"பாட்டு பிடிக்காது. பைத்தியங்களைப் பிடிக்கும்."

அம்மா அப்பா போனபிறகு அந்த வீட்டில் அவனும் அவளும்தான். காத்திருப்பதாகச் சொன்னாள். எங்கே முடிந்தது? டீ ஆறுவதற்குள் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதல் ஆள் கீபோர்டு வாசிக்கிறவனுக்குக் கோயில் கட்டாத குறை. இரண்டாவது ஆள் திட்டித் தீர்த்திருந்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் மற்றவர்கள் சமைத்ததைச் சுடவைத்துப் போடுகிறார்களாம், டிரம்ஸ் அடிக்கிறவன் பிஸ்கட் டின்னைத் தட்டுகிறானாம். 'ஆனாலும் தினம் கேட்கிறேன், என் தலைவிதி' என்று முடித்திருந்தான். ஹிலரி வாய்விட்டுச் சிரித்தாள்.

மூன்றாவது, டண்டீ ஊரிலிருந்து மோராக் என்ற பெண். 'ரெண்டாம் பக்கத்து நீளப் பாட்டுக்கு முன்னாடி யாரோ படியிறங்கி வர்றாங்களே, அதுக்காகவே எத்தனை தடவை வேணும்னாலும் கேப்பேன். பதிமூணு படி. எண்ணியிருக்கீங்களா?'

ஹிலரி சிரிப்பை நிறுத்தினாள். அந்தத் தட்டில் காலடிச் சத்தமே கிடையாது. அவள் கேட்காத கேட்பா?

நான்காவது கடிதத்திலும் படி. 'கீழே ஒரு பொண்ணு தட்டச்சு அடிச்சிட்டிருக்கா. காஸ் அடுப்பு உஸ்ஸுனு எரியுது. படிச் சத்தம் நின்னதும் தட்டச்சும் நின்னுடுது பாருங்க, உடம்பு சிலிர்த்துப் போச்சு.'

கடிதங்களை இதழுக்காகத் தட்டச்சு அடித்துக்கொண்டே படித்தவளின் விரல் விசைமேல் அப்படியே நின்றது. பின்னால் காஸ் அடுப்பு உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது.

ஒரு விஷயத்தை மன்றத்தில் யாருக்கும் அவள் சொன்னதில்லை. ஆறு வயதில் வந்த பொன்னுக்குவீங்கி அவளுடைய இடது காதைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. கிளைவுக்கு மட்டும்தான் தெரியும். சாப்பிடும்போதுகூட அவளுக்கு வலது பக்கமாகத்தான் உட்காருவான். பக்கத்து வீட்டுக்காரி சுவரில் இடிப்பாளே என்று பயந்து, ஐந்து வருஷமாக ஹெட்ஃபோனில்தான் ஹிலரி இந்தத் தட்டைக் கேட்டுவந்தாள். ஹெட்ஃபோனில் இடது பக்கத்துச் சத்தம் இடது காதுக்குத்தான் போகும். அப்படியென்றால் இந்தத் தட்டில் பாதியை அவள் கேட்டதே இல்லை. இதையெல்லாம் வைத்துக்கொண்டு செயலாளர் வேறு.

வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. எழுந்து போய்த் தட்டின் இரண்டாம் பக்கத்தை ஓடவிட்டாள். நாற்காலிக்குத் திரும்பி, ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிக்கொண்டாள். இடது பக்கம் வலது காதுக்கு வந்தது.

முதலில் ஊசியின் பொரிச்சல். அப்புறம் உஸ்ஸென்று ஒரு அடுப்பு. டக், டக்கென்று தட்டச்சு. 'டி' எழுத்தை அடிக்கும்போது மட்டும் ஒரு சின்னக் கிறீச்சல். அவளுடைய இயந்திரத்தின் 'டி'யும் அப்படித்தான் கிறீச்சிடும். பிறகு மரப்படியில் வெறுங்கால், அவசரமே இல்லாமல், ஈரக் காலை எடுத்து எடுத்து வைப்பதுபோல். ஒன்று. இரண்டு. ஏழாவது படி முனகியது. அவள் வீட்டு ஏழாவது படியும் முனகும், கிளைவ் அதைச் சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். பதினொன்று. பன்னிரண்டு.

பதின்மூன்று.

தட்டச்சு நின்றது.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். அவளுக்கு இடது பக்கமாக மாடிப்படிக் கதவு. சூடு வெளியே போகாமலிருக்க அதை அவளே சாத்தியிருந்தாள். இப்போது ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. நனைந்த சுண்ணாம்பு வாசனை வந்தது.

"கிளைவ்?" என்றாள். அவன் வேலையில் இருக்கிறான் என்று தெரிந்தும் கூப்பிட்டாள்.

ஐந்தாவது கடிதத்தைப் பிரித்தாள். வேறென்ன செய்வது?

'படியைவிட எனக்குப் பிடிச்சது அந்தக் கதவு தட்டுற இடம்தான். பாவம் அந்தத் தம்பி. திறந்துவிட்டா ரெண்டு பேரும் பிழைச்சிருப்பாங்க.'

ஆறாவது: 'அது தம்பின்னு நம்புறவங்களைப் பார்த்தா சிரிப்பா வருது. சாவி வெச்சிருக்கிற பையன் எதுக்குய்யா தட்டணும்? திறந்தா அவ கதை முடிஞ்சுது.'

பின்கதவு தட்டப்பட்டது.

"ஹில்! திறடி. குளிர் கொல்லுது."

கிளைவின் குரல்தான். மணி நாலே முக்கால். ஐந்தரைக்கு முன்னால் அவன் வந்ததே கிடையாது.

"சாவி என்னாச்சு?" குரல் அவளுக்கே கேட்கவில்லை. சத்தமாகக் கேட்டாள். "உன் சாவி எங்கே?"

"மறந்துட்டுப் போயிட்டேன். பனின்னு சீக்கிரம் விட்டுட்டாங்க. செயலாளரம்மா, விளையாடாதே, திற!"

சுவரைப் பார்த்தாள். ஆணியில் அவன் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே தொங்குகிறதா? யாராவது இப்போது கொண்டுவந்து மாட்டினார்களா? கடவுளே, காலையில் அந்த ஆணியைப் பார்த்தோமா இல்லையா? நினைவில்லை.

கதவுக்கு நாலே எட்டு. அவளால் எழ முடியவில்லை. திறந்தால் அவன் உள்ளே வருவான். அல்லது அது. திறக்காவிட்டால் தன் ஒரே தம்பியை இந்தப் பனியில் நிறுத்திவைக்கிறாள். ஒருவர் திற என்கிறார். ஒருவர் திறக்காதே என்கிறார். இன்னும் ஒரே ஒரு கருத்து பாக்கி.

ஏழாவது கடிதத்தைக் கிழித்தாள். சின்ன, சீரான கையெழுத்து.

'எல்லாரும் கதவைப் பத்தியே சண்டை போடுறாங்க. கதவுக்கு வெளியே நிக்கிறது தம்பிதான், சந்தேகமே வேண்டாம். ஆனா படியிறங்கி வந்தது வீட்டுக்குள்ள இருந்துதானே? அதை யாரும் யோசிக்கறதில்ல.'

"ஹில்? ஹில், என்ன ஆச்சு? ஏதாவது சொல்லு!"

'தட்டச்சு நின்னதுக்கப்புறம் இடது பக்கத்தை மட்டும் கவனிச்சுக் கேளுங்க. மூச்சுச் சத்தம். ரொம்பப் பக்கத்துல. அவ கடிதம் படிக்கிறா, அதுவும் அவ தோள்மேல சாஞ்சு கூடவே படிக்குது. அவளுக்கு அந்தக் காது கேக்காது. அதனாலதான் இது இவ்வளவு நல்ல தட்டு.'

அந்தப் பக்கம் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் இடது காது மடலில் வெதுவெதுப்பாக இருந்தது. ஈரமாகவும். கழுத்து வழியாக ஒரு சொட்டு இறங்கியது.

கத்த வேண்டும். கிளைவ், கதவை உடை என்று கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை.

கதவில் தோளால் முட்டும் சத்தம். "அக்கா!" சின்ன வயதுக்குப் பிறகு அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அழுகிறான். அது அவன்தான். அவனேதான்.

கடைசி வரி.

'அவ இதை முழுசாப் படிச்சு முடிக்கிற வரைக்கும் அது ஒண்ணும் செய்யாது. என் கையெழுத்து வரைக்கும்.'

கீழே ஒரு பெயர் இருந்தது. அதைப் பார்ப்பதற்குள் ஹிலரி கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். பார்க்கக் கூடாது. படிக்கக் கூடாது. நகம் வெளுக்க அழுத்தினாள்.

வெளியே தம்பியின் குரல் தேய்ந்தது. பாட்டு முடிவில் தேயுமே, அப்படி.

நின்றுவிட்டது.

இடது பக்கத்திலிருந்து ஒரு ஈரக் கை அவள் மடியைத் தாண்டி நீண்டது. மெதுவாக, அவசரமே இல்லாமல், அவளுடைய கட்டைவிரலைக் காகிதத்திலிருந்து தூக்கியது.