கழல மறுத்த லென்ஸ்

காலை ஒன்பதரைக்கு குளோரியா தன் ஸ்டூடியோவைத் திறந்தபோது மேசைமேல் பிணம் கிடந்தது. பிணம் என்றால் கேமரா. அவள் போட்ட கூச்சலுக்கு பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனின் அந்தத் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் நிஜப் பிணத்தையே எதிர்பார்த்து எட்டிப் பார்த்தார்கள். கேமரா என்று தெரிந்ததும் ஏமாற்றத்தோடு உள்ளே போனார்கள்.

கேமரா குளோரியாவுடையதும் அல்ல. கல்யாண ஃபோட்டோ, வீடியோ இரண்டுக்கும் சேர்த்து பழைய கேமராக்களை மாற்றிவிட்டு புது ரக மிரர்லெஸ் கேமரா வாங்குவது என்று முடிவாகியிருந்தது. டகோனா கம்பெனியா, வெல்மார் கம்பெனியா என்று இரண்டு மாதமாக, பெண்ணுக்கு வரன் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்மார் டீலர், பழகிப் பாருங்கள் என்று இரண்டு கேமராக்களை இரவல் கொடுத்திருந்தார். அதில் ஒன்றின் லென்ஸ் இப்போது கழலவும் இல்லை, படம் எடுக்கவும் இல்லை. நாலு மணிக்கு டீலர் வருகிறார்.

பதினோரு மணிக்கு ஜூலியா வந்தாள். குளோரியாவின் அக்கா. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நசுங்கிய கார்களைப் பார்த்து அறிக்கை எழுதும் சர்வேயர். நின்றிருந்த வண்டிமேல் லைட் கம்பம் வந்து மோதியதாகச் சத்தியம் செய்யும் கனவான்களோடு பழகியே தலை நரைத்தவள். கேமராவைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அதன் எதிரே நின்றால் தன் முகம் அகலமாகிவிடும் என்பது மட்டுந்தான்.

"சரளாதான்க்கா. நேத்து பூட்டிட்டுப் போனது அவ. வேலைய விட்டு நிறுத்திட்டேன். டீலருக்கும் ஃபோன் பண்ணி அவதான்னு சொல்லிட்டேன்," என்றாள் குளோரியா.

"தீர்ப்பு எழுதி முடிச்சிட்டு சர்வேயரைக் கூப்பிடறியா? பேஷ்."

மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்த ஃபோட்டோகிராஃபர் சரளா, ஹெல்மெட்டும் பையுமாகக் கதவோரம் நின்றிருந்தாள். பொம்மனஹள்ளியில் அவள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். ஊரில் உள்ள ஸ்டூடியோக்களுக்கெல்லாம் போய்வருகிறவர் அந்த டீலர். 'கேமராவ உடைச்சவ' என்று அவர் வாயில் விழுந்துவிட்டால், அப்புறம் ஒரு ஸ்டூடியோவும் அவளைப் படியேற விடாது.

"நேத்து என்ன ஆச்சு?" என்றாள் ஜூலியா.

"அஞ்சு மணிக்கு ரெண்டையும் போட்டுப் பார்த்தேன் மேடம். நல்லா இருந்துச்சு. ஆறுக்கு யூடியூப் சாய் சார் வந்து இந்த ரூம்ல ரிவ்யூ வீடியோ எடுத்தாரு. நான் பக்கத்து ரூம்ல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு எடிட்டிங். அவர் போனதும் பூட்டினேன்."

"பூட்டும்போது கேமராவப் பார்த்தியா?"

"இல்ல. லைட்ட அணைச்சிட்டுப் போயிட்டேன்."

"வெல்மார் பழக்கமா?"

"தொழில் கத்துக்கிட்டதே அதுலதான். இங்க வந்துதான் டகோனா. அதுல ஜூம் பண்ணா இன்னும் கை தப்பான பக்கம் போகுது. டிரேவர் அண்ணன்கிட்ட தினம் திட்டு."

நல்ல கேமராவின் லென்ஸைக் கழற்றச் சொன்னாள் ஜூலியா. சரளா அவள் முகத்தைப் பார்த்தபடியே இடப்பக்கம் திருகிக் கழற்றினாள். திரும்ப மாட்டியும் வைத்தாள்.

அடுத்தது டிரேவர். ஸ்டூடியோவின் மூத்த ஃபோட்டோகிராஃபர். டகோனாவில் தோலின் நிறம் எப்படி விழும் என்று பேச ஆரம்பித்தால் குரல் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமாகிவிடும். முந்தைய நாள் நாலு மணியிலிருந்து குளோரியாவோடு ஜோகுபாளையத்தில் ஒரு ரிசப்ஷனில் இருந்தவர். அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போனவர்.

உடைந்த கேமராவைக் கையில் எடுத்தார். "லென்ஸ்ல இருக்கிற இந்த வெள்ளைப் புள்ளி நேரா மேல நிக்கணும். தாண்டிப் போயிருக்கு. மாட்டுற பக்கமே போட்டு இறுக்கி..." சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"உங்க டகோனா லென்ஸக் கழட்டுங்க, பார்க்கலாம்."

டிரேவர் அதை வலப்பக்கம் திருகிக் கழற்றி மேசையில் வைத்தார்.

பன்னிரண்டுக்கு சாய்கிருஷ்ணா வந்தான். யூடியூபர். விசிட்டிங் கார்டில் 'காட்சிமொழி ஆலோசகர்' என்று இருந்தது. எந்தக் கேமரா வாங்குவது என்று குளோரியாவுக்கு யோசனை சொல்ல வந்தவன்.

"சோ சேட், மேடம். நான் போகும்போது பக்காவா இருந்துச்சு. ரெண்டையும் டச்சே பண்ணல, சும்மா சுத்தி வந்து ஷூட் பண்ணேன். அஞ்சு வருஷமா நான் வெல்மார் தவிர வேற எதையும் தொட்டதில்ல."

"எனக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. ஏன் வெல்மார்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

கேட்கவேண்டுமா! நல்ல கேமராவை எடுத்துச் சரளாவை நோக்கிப் பிடித்தான். "பொண்ணோட கண்ண ஃபோகஸ்ல புடிச்சா விடவே விடாது. இப்ப க்ளோசப் போறேன், பாருங்க." திரையில் சரளா சுருங்கினாள். சுவர், நாற்காலி, குப்பைத் தொட்டி எல்லாம் உள்ளே வந்தன. ஒரு நொடி தடுமாறியவன், "இதுக்குப் பேர் ரிவீல். முதல்ல விரிச்சு, அப்புறம் உள்ள போறது," என்றான்.

"அழகு. அந்த லென்ஸக் கழட்டிக் குடுங்க, என்ன கனம்னு பார்க்கறேன். நீங்க பேச்ச நிறுத்தாதீங்க."

அவன் நிறுத்தவில்லை. மணிக்கணக்கில் ஓடினாலும் சூடாகாதது, இருட்டில் நிறம் மாறாதது என்று வாய் போய்க்கொண்டிருக்க, கை பட்டனை அழுத்தி லென்ஸை வலப்பக்கம் திருகியது. அசையவில்லை. பல்லைக் கடித்து இன்னும் பலமாக...

"போதும்," என்று மணிக்கட்டைப் பிடித்தாள் ஜூலியா. "ஒண்ணு உடைஞ்சதே போதும்."

உடைந்த கேமராவை எடுத்து குளோரியாவின் பக்கம் தள்ளினாள்.

"உடைக்கணும்னு வந்தவன் கீழ போட்டிருப்பான். இது கழட்டப் போன கை. கழட்டறதா நினைச்சு இறுக்கியிருக்கு. வெல்மார் இடப்பக்கம் கழலுது, டகோனா வலப்பக்கம். அப்ப உடைச்சது டகோனா கை. சரளாவோடது வெல்மார் கை, டகோனாவத் தொட்டாத்தான் அது தடுமாறும். டிரேவர் அண்ணனுக்குப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. இங்க டகோனா கை தன்னோடது மட்டும்தான்னு பயந்து வாய மூடிக்கிட்டார். ஆனா அவர் உன்கூட ஜோகுபாளையத்துல இருந்தார். மிச்சம் யாரு? ரிவீலாம், ரிவீல்! ஜூமும் தப்பான பக்கம்தான் போச்சு."

சாய்கிருஷ்ணா மெதுவாக உட்கார்ந்தான். "வெல்மார அந்தக் கம்பெனிக்காரங்களே அனுப்புவாங்க மேடம். வீடியோவுல தெரியற மாதிரி மேசைல வெச்சிப்பேன். ஷூட் பண்றதெல்லாம் என் டகோனாலதான். நேத்து லென்ஸ் மாத்தற மாதிரி ஒரு ஷாட் எடுக்கப்போயி..."

"அப்ப நான் எதத்தான் வாங்கறது?" என்று கத்தினாள் குளோரியா.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

ஐந்து வருஷத்தில் அவன் செய்த முதல் நேர்மையான விமர்சனம். பின்னணி இசைகூட இல்லை.

டிரேவர் தொண்டையைச் செருமினார். "ஃபோட்டோவுக்கு என் டகோனா இருக்கட்டும். வீடியோவுக்கு வெல்மார வாங்கி சரளாகிட்ட குடு. அவங்கவங்க கைக்குப் பழகினதே போதும்."

குளோரியா சாவிக்கொத்தை சரளாவிடம் நீட்டினாள். "மனசுல வெச்சுக்காத. ஸாரி."

சரளா அதை வாங்கவில்லை. "நாலு மணிக்கு டீலர் வருவாருல்ல மேடம்? அவர் எதிர்ல சொல்லுங்க. வாங்கிக்கறேன்."

ஹெல்மெட்டை மேசைமேல், சாய்கிருஷ்ணாவுக்கு நேர் எதிரே வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.