காலிப் பலகை

டீ வேளையில் எல்லாச் சுத்தியலும் ஓய்ந்த பிறகும் ஒன்று மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. மும்மூன்றாக.

பூதத்தான் கிளாஸைக் கீழே வைத்தான். டிரை டாக்கில் நின்ற நாசகாரிக் கப்பலின் அடிவயிற்றில், துருவும் புதுப் பெயிண்டும் நெடியடிக்கும் ஏதோ ஒரு தொட்டியிலிருந்து, அந்தச் சத்தம் இரும்பு வழியே ஏறி அவன் குதிகாலுக்கு வந்தது. உள்ளே துரு தட்டுகிறவன் மூன்று தட்டினால், திற என்று அர்த்தம்.

தொட்டிக்குள் இறங்குகிறவன் வாய்ப்பக்கப் பலகையில் தன் நம்பர் வெட்டிய பித்தளை வில்லையை மாட்டுவான். ஏறியதும் எடுத்துக்கொள்வான். பலகை காலியானால் மூடியைப் போட்டு போல்ட்டுகளை முடுக்கிவிடுவார்கள். அது அறுபத்தைந்தாம் வருஷம், சண்டை வருகிறதென்று கப்பலுக்கு அவசரம். மாதுங்கா ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் நேற்று பூதத்தான், தன் தங்கை புருஷன் செல்லப்பாண்டியின் வில்லையையும் சேர்த்தே எடுத்திருந்தான். ஒருவருக்கொருவர் எப்போதும் செய்வதுதான். மச்சான் பின்னால் ஏறி வருவதாக நினைத்தான்.

காலையில் தங்கை பூமாரி கேட்டாள். "அண்ணே, ராத்திரி அவுக வரலியே?"

"வடாலாவுல குடிச்சிட்டுக் கிடப்பாரு. வந்துருவாரு."

இப்போது, உள்ளே ஆள் இருக்கிறது என்றதும் மேஸ்திரி கலீலுல்லா சிரித்தார். "அரே, போர்டு காலி பாத்துதானே மூடினேன்? பகல்லயே கனவா?"

"தொறங்க பாய். காலைப் பிடிக்கேன்."

மூடி திறந்தது. தட்டல் நின்றது. புளித்த காற்று முகத்தில் அடித்தது. வேறு யாரும் இறங்கத் தயாரில்லை. பூதத்தான் தன் வில்லையை மாட்டிவிட்டு டார்ச்சோடு இறங்கினான்.

செல்லப்பாண்டி மூலையில் சாய்ந்திருந்தான். எப்போதோ நடுவிரல் பாதி போன அவன் வலது கையில் சுத்தியல். கையைத் தொட்டான். விறைத்திருந்தது. ஐஸ் மாதிரி. மூச்சுமுட்டி நேற்று ராத்திரியே உயிர் போயிருக்க வேண்டும்.

அப்படியானால் தட்டியது?

"பாய்!"

அண்ணாந்தான். வட்டமாக வெளிச்சம். அதன் ஓரத்தில் பலகை. பலகையில் ஒரு கை. நடுவிரல் பாதிதான் இருந்தது. அது அவன் வில்லையைக் கழற்றியது.

திரும்பிப் பார்த்தான். மூலையில் யாருமில்லை.

மேலே கலீலுல்லாவின் குரல், தினமும் சொல்வது போலவே அலுப்பாக: "போர்டு காலி. மூடுங்கப்பா."

கத்தினான். வெளிச்சம் பிறையானது. கீற்றானது. போயிற்று. கூடவே டார்ச்சும் அணைந்தது. ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினார்கள்.

மூலையில் தடவிச் சுத்தியலை எடுத்தான்.

பிடி சூடாக இருந்தது.