வயர் இழுக்காத கம்ப்யூட்டர்

மாங்குழிவிளை மிஷன் பள்ளிக்கூடத்துக்குக் கல்லூரி வேன் போய்ச் சேர்ந்தபோது காலை நேரம்தான், ஆனால் வெளிச்சத்தைக் காணவில்லை. ஐப்பசி மழை. ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டுக் கூரையும் கருங்கல் சுவருமாக அந்தக் கட்டடம் நனைந்து கறுத்துக் கிடந்தது. வராந்தாவில் வௌவால் எச்சத்தின் நாற்றம். எங்கேயோ ஓட்டிலிருந்து தகரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

பி.எஸ்ஸி. கடைசி வருடத்துப் பிள்ளைகள் நாலு பேர் வந்திருந்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் ஒன்றை வடிவமைப்பது அவர்களுடைய புராஜெக்ட். அறைகளை அளந்து, எங்கே கம்ப்யூட்டர், எந்த வழியாக வயர் என்று திரையில் வரைந்து, அதை ஓட்டியும் காட்ட வேண்டும். நிஜ வயர் கிடையாது, எல்லாம் படம்தான். ஆனால் படத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிங் என்று பெயர். நடுவில் வயர் இருந்தால், வகுப்பில் பேர் கூப்பிட்டதும் 'உள்ளேன்' என்பதுபோலப் பதில் வரும். வயர் இல்லாவிட்டால் வராது.

குழுவுக்குத் தலைவி ரெஜிலா. மார்த்தாண்டத்துக்காரி, நன்றாகப் படிப்பவள், அது அவளுக்கே தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அபினேஷும் ஜெப்சனும் அவள் சொல்வதற்குத் தலையாட்டுகிறவர்கள். நாலாவது ஆள் ஷீஜா, கடியப்பட்டணத்துப் பெண். அவளுடைய அம்மா அல்போன்சாள் கருவாட்டு வியாபாரம் செய்கிறாள். எப்போதோ ஒரு நாள் ஷீஜாவின் பையில் கருவாட்டு மணம் அடித்தது. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடம் சிரித்தார்கள். படித்த பிள்ளைகளின் லட்சணம் அப்படி.

அன்று வேனில் ஷீஜா ரெஜிலாவின் பக்கத்து இருக்கையைப் பார்த்துத்தான் வந்தாள். ரெஜிலா தன் பையைத் தூக்கி அதில் வைத்தாள்.

"ஆளுண்டு" என்றாள்.

யாரும் இல்லை. ஷீஜா பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் டேப்பைப் பிடித்து அறை அறையாக அளந்தவளும் அவள்தான். மற்ற மூன்று பேரும் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து படம் வரைந்தார்கள். விளையாட்டாக ஆளுக்கொரு கம்ப்யூட்டருக்குத் தங்கள் பெயரை வைத்தார்கள். அபினேஷ் நாலாவதாக ஒன்றைப் போட்டு, அதன் கீழே 'கருவாடு' என்று அடித்தான். சிரிப்பு. அதை மவுஸால் இழுத்து, படத்தில் கழிப்பறை ஓரமாகக் கொண்டுபோய் வைத்தவள் ரெஜிலா. அதற்கு வயரும் இழுக்கவில்லை. இன்னும் பெரிய சிரிப்பு.

சிரிப்பு அடங்குவதற்குள் ஷீஜா வாசலில் நின்றாள். கையில் டேப், தலைமுடியில் ஒட்டடை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளும் சிரிக்கப் பார்த்தாள்.

"எனக்கும் ஒரு வயர் இழுக்கப்பிடாதா மக்கா?"

ஜெப்சன் இருமினான். ஷீஜா மிச்சமிருந்த அறையை அளக்கப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவள் கல்லூரிக்கு வரவில்லை. எலிக்காய்ச்சல் என்றார்கள். அதற்கும் அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் அவள் போட்டோ வந்தது, மாலையோடு.

அடக்கத்துக்கு மூன்று பேரும் போனார்கள். மாதா கோயில் முற்றத்தில் கடல் காற்று அடித்தது. அல்போன்சாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ரெஜிலாவைக் கட்டிப்பிடித்தாள். "எம்பிள்ளைக்க கூட்டுக்காரியில்லா நீ... ஒன்னப் பத்தித்தான் எப்பவும் பேசுவா" என்று அழுதாள். அந்தப் பிடிக்குள் ரெஜிலா மரக்கட்டையாக நின்றாள். எங்கேயாவது மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது.

கல்லூரி ஆசிரியர் ஞானசிங், புராஜெக்டை ஷீஜாவின் நினைவாகச் சமர்ப்பிக்கலாம் என்றார். அவளுடைய அம்மாவையும் அழைத்துவிட்டார்.

அந்தத் தாய் அந்தப் பெயரைப் பார்த்துவிடக்கூடாது. ரெஜிலாவுக்கு இப்போது உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான்.

படம் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் மறுபடி அங்கே போனார்கள். பிள்ளைகள் இல்லாத கட்டடம். கம்ப்யூட்டர் அறையைத் திறந்ததும் ஒரு மணம் வந்து மோதியது.

"சந்தன சோப்பு வாசம் அடிக்குல்லா?" என்றான் ஜெப்சன்.

வௌவால் எச்சம் நாறும் இடத்தில் யார் குளித்தார்கள்? கேட்க யாருக்கும் நேரமில்லை. ரெஜிலா படத்தைத் திறந்தாள். கழிப்பறை ஓரத்தில் அது அப்படியே இருந்தது. அழித்தாள். சேமித்தாள். மனசு கொஞ்சம் லேசானது. சரி, நெட்வொர்க் ஓடுகிறதா பார்ப்போம் என்று, தன் பெயர் கொண்ட கம்ப்யூட்டரிலிருந்து நூலகத்துக் கம்ப்யூட்டருக்குப் பிங் கொடுத்தாள்.

பதில் வந்தது.

நூலகத்திலிருந்து அல்ல.

கழிப்பறை ஓரத்தில், அழித்த இடத்தில், கருவாடு திரும்ப நின்றது. அதற்கு வயர் இல்லை. ஆனாலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் வந்துகொண்டே இருந்தது. உள்ளேன். உள்ளேன். உள்ளேன்.

"லேய், வெளையாடாத" என்று ரெஜிலா கிசுகிசுத்தாள்.

"நான் தொடவே இல்லட்டி. சத்தியமா." அபினேஷின் குரல் உடைந்திருந்தது.

பெயரை 'ஷீஜா' என்று மாற்றிப் பார்த்தாள். கண் இமைத்துத் திறப்பதற்குள் பழைய பெயர் வந்து உட்கார்ந்தது. திரும்ப மாற்றினாள். திரும்ப வந்தது. அவர்கள் வைத்த பெயரை அது விடுவதாக இல்லை.

விரல்கள் வழுக்கின. கீபோர்டைப் பார்த்தாள்.

எல்லா எழுத்துகளின் மேலும் நுரை.

மூன்று பேரும் ஓடினார்கள். வராந்தாவில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பயம் ஒரு பக்கம். அதைவிட, தாங்கள் எதைக் கண்டு ஓடுகிறோம் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்ததுதான் கேவலமாக இருந்தது.

வீட்டில் உட்கார்ந்து ரெஜிலா முழுப் படத்தையும் புதிதாக வரைந்தாள். தன் சொந்த லேப்டாப், புது ஃபைல். அதில் கழிப்பறையே இல்லை.

காட்சி நாள் அன்று பள்ளிக்கூட ஹாலில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் தலைமையாசிரியை நேசபாயும் ஞானசிங் சாரும். பக்கத்தில், வெளுத்த சேலையில், மடியில் கை கோத்துக்கொண்டு அல்போன்சாள். மகளின் வேலையைப் பார்க்க வந்தவள்.

ரெஜிலா பேச ஆரம்பித்தாள். நூலகம், ஆபீஸ், ஆய்வகம். எல்லா வயர்களின் நுனியிலும் பச்சைப் புள்ளி. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது சந்தன சோப்பு மணத்தது.

ரெஜிலா திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெப்சனின் முகத்தைப் பார்த்தாள். அது போதுமானதாக இருந்தது.

திரையில், கழிப்பறை இல்லாத அந்தப் படத்தின் மூலையில், கருவாடு நின்றது. இப்போது அதற்கு வயர் இருந்தது. யாரும் தொடாமலே அந்தக் கோடு நீண்டு, நூலகத்தைத் தாண்டி, ஆபீசைத் தாண்டி, 'ரெஜிலா' என்று பெயர் போட்ட கம்ப்யூட்டரில் வந்து முடிந்தது. இரண்டு நுனியிலும் பச்சை எரிந்தது.

அல்போன்சாள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள்.

"க... ரு... வாடு. இது என்ன பேரு மக்களே?"

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். அது ரெஜிலாவுக்கும் தெரியும்.

"ஷீஜாவே வச்ச பேரும்மா" என்றாள். "வெளையாட்டுக்கு. எங்க ஷீஜா அப்படித்தான், எப்பவும் சிரிப்புதான்."

நேசபாய் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அல்போன்சாள் வந்து ரெஜிலாவின் கையைப் பிடித்தாள். காதோடு வாயை வைத்து, வேறு யாருக்கும் கேட்காமல் பேசினாள்.

"இஞ்ச வந்துட்டுப் போன அண்ணைக்கு அவ குளிமுறியில கேறிக் கதவடச்சா. ஒரு முழு சந்தன சோப்பையும் தேச்சுத் தீத்துட்டா மக்களே. தோலெல்லாம் செவந்து போச்சு. எதுக்குட்டி இப்பிடித் தேய்க்கேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லம்மான்னா."

கைதட்டல் ஓய்ந்தது. அவள் குரல் இன்னும் தாழ்ந்தது.

"அந்தப் பேர அவளேதான் வச்சான்னா, பின்ன எதுக்கு மக்களே தேச்சா?"

அல்போன்சாள் திட்டவில்லை, அழவும் இல்லை. பிடித்திருந்த கையை மெதுவாக விட்டுவிட்டுப் போய்த் தன் செருப்பைத் தேடினாள்.

சாயங்காலம் ரெஜிலா மட்டும் தனியாகப் பஸ் ஏறினாள். அபினேஷும் ஜெப்சனும் வேனில் போய்விட்டார்கள். அவர்கள் முகத்தில் விழிக்க அவளுக்குக் கூசியது. மழைக்கு ஜன்னல் ஷட்டர்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். பக்கத்து இருக்கை காலி.

கையில் போன் அதிர்ந்தது. அவள் ஹாட்ஸ்பாட்டைப் போடவே இல்லை. ஆனாலும் ஒரு வரி தெரிந்தது. ஒரு சாதனம் இணைந்துள்ளது.

பெயரைப் படிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. படிக்கவும் வேண்டியிருக்கவில்லை. சந்தன சோப்பு மணம் தோளுக்குப் பக்கத்தில் வந்திருந்தது. இருக்கையின் ரெக்ஸினில் எங்கிருந்தோ தண்ணீர் துளித்துளியாகத் தேங்கியது.

தக்கலையில் கூடையோடு ஓர் அம்மாள் ஏறினாள். பஸ்ஸில் வேறு இடமில்லை.

"பிள்ளே, இதுல ஆளுண்டா?"

ரெஜிலா அந்த ஈர இருக்கையைப் பார்த்தாள்.

"ஆளுண்டு" என்றாள்.

அந்த அம்மாள் காலி இருக்கையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனாள். ரெஜிலா இடுப்போரம் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஷட்டரை ஒட்டி ஒதுங்கி இடம் விட்டாள்.

ரெக்ஸின் மெல்ல அமுங்கியது.